தரம் நான்கும் என் இடது கன்னமும்

அக். 7, செவ்வாய்

விடியவே மழை. சனி, ஞாயிறு, நேற்றுப் பௌர்ணமிப் போயா என்று மூன்று நாள் லீவு முடிந்து இன்று பள்ளிக்கூடம். பல் தீட்டும்போது தண்ணீர் வாயின் இடது பக்கத்தால் ஒழுகிச் சட்டையில். தேத்தண்ணியும் அப்படியே. ஒருபக்கமாகப் படுத்த விறைப்பு என்று நினைத்து, சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். குளியலறை பல்ப் போய் எத்தனையோ நாள். சீப்பால் தலை இழுப்பது இருட்டில்தான், கைப்பழக்கம். (பல்ப் வாங்க.)

வெள்ளவத்தையில் ஏறும்போதே மட்டக்குளி பஸ் நிரம்பி வழிந்தது. கொண்டக்டர்: “இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன.” முன்னால் இடமிருந்தால் போகமாட்டோமா. கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது குடையில் ஒரு கம்பி போய்விட்டது.

தரம் 4, கணிதம். சமச்சீர் தொடக்கம். தாளின் ஒரு பாதியில் சாயத் துளி விட்டு, மடித்து அமத்தி, விரித்துப் பார்க்கும் வேலை. வழக்கமாக இந்தப் பாடம் முடியும்போது சாயம் சுவரில் இருக்கும். இன்று ஒரு சத்தம் இல்லை. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத கிஷோன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தப் பாடம் எனக்குக் கைவந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

இடைவேளை. பக்கத்து வகுப்பு புஷ்பா மிஸ் என்னைப் பார்த்துவிட்டுக் கடித்துக்கொண்டிருந்த பணிஸைக் கீழே வைத்தார். “ரதி மிஸ், ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்.” சிரித்தேன். “ஐயோ, முகம் ஒரு பக்கம் இழுக்குது” என்றார்.

கைபேசியில் பார்த்தேன். இடது பாதி தொங்கிக் கிடந்தது. இடது கண் மூடவில்லை. நெற்றியில் அந்தப் பக்கம் மட்டும் கோடுகள் இல்லை, அங்கே மட்டும் பத்து வயது குறைவு. பிள்ளைகள் காலையிலிருந்தே கண்டிருக்கிறார்கள். மிஸ்ஸுக்கு இன்று பயங்கரக் கோபம் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். என் பாடத்தின் சிறப்பு அவ்வளவுதான்.

புஷ்பா மிஸ் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் சின்னப் பையன், சிங்களவர். புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு, கண்ணை இறுக்கு என்றார். பாரிசவாதம் இல்லை, முகவாதம்தான், முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்.

பிறகு கேட்டார், எப்போது தொடங்கியது என்று. இன்று காலை கண்டோம் என்றேன். கண்டது சரி, தொடங்கியது எப்போது? குளிசையை மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. பிந்தினால் முகம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாதாம். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். புஷ்பா மிஸ் அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார், எனக்குச் சிங்களம் விளங்காதது மாதிரி. வீட்டில் நான் மட்டும்தான் என்றேன். டொக்டர் பேனையை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார்.

குளிசை. கண்ணுக்குத் துளிமருந்து. படுக்கும்போது கண்ணை மூடி ஒட்ட பிளாஸ்டர். குடிக்க ஸ்ட்ரோ. பல்ப் மறந்துபோனது.

அக். 8, புதன்

லீவு. வெயில். மருந்தால் வயிறு எரிகிறது.

எப்போது தொடங்கியது என்ற கேள்வி மண்டைக்குள் நிற்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் இருந்தேன், புஷ்பா மிஸ் சத்தியம் பண்ணுகிறார். லீவு நாட்களிலும் ஒருக்காத் தேத்தண்ணி சிந்தியது, எந்த நாள் என்று நினைவில்லை. சனி காலை என்றால் பிந்திவிட்டது. நேற்று முன்தினம் என்றால் பிந்தவில்லை. சனியிலிருந்து யார் யார் என்னைக் கண்டது? யோசித்துப் பார்த்தேன்.

சனி: லேன் முகப்புக் கடை நானா. லிஃப்டில் மூன்றாம் மாடிக் குடும்பம்.
ஞாயிறு: ஒருவரும் இல்லை. கனடாவிலிருந்து அக்காவும் போன் எடுக்கவில்லை, பேரனுக்குக் காய்ச்சலாம், பிறகு மெசேஜ் போட்டிருந்தாள்.
திங்கள் போயா: ஒருவரும் இல்லை. உடுப்புத் தோய்த்தேன்.

பின்னேரம் கடைக்குப் போய் நானாவிடம் கேட்டேவிட்டேன். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான். “நானா, சனிக்கிழமை நான் பருப்பு வாங்க வரேக்க என்ர முகம் எப்பிடி இருந்தது?”

மனுசன் பயந்துபோனார். “ஏன் மிஸ், என்ன கேள்வி இது? நல்லாத்தான் இருந்திருக்கும்.”

“பாத்தனீங்களோ?”

“ஆள் வந்தா நாம சாமானத்தான் பாக்கிற மிஸ். மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ, சவர்க்காரம் ஒண்டு, அது நெனவு இருக்கு.” பிறகு தலைப்பை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “அல்லாவே, நான் பாத்திருக்கோணும்” என்றார். அவருடைய பிழை மாதிரி. நல்ல மனுசன். ஒரு பை பழம் கட்டித் தந்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடிக்காரரிடம் கேட்கவில்லை. லிஃப்டில் எல்லோரும் கைபேசியைத்தான் பார்க்கிறோம், நானும்தான்.

ஆக, மூன்று நாள் என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அக். 10, வெள்ளி

திரும்ப வகுப்புக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுப் போனேன். கிஷோன்: “மிஸ், சினிமாக்காரர் மாதிரி இருக்கிறீங்க.” கழற்றிவிட்டேன்.

இடது கண் மூடாது, வலது மட்டும் சிமிட்டுகிறது. அதனால் பார்க்கிறவர்களுக்கு நான் ஓயாமல் கண்ணடிப்பது மாதிரி. வராந்தாவில் தரம் ஒன்று வாண்டு ஒன்று திருப்பிக் கண்ணடித்துவிட்டு ஓடியது. இன்று முழுக்கச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தரம்தான். பாதிச் சிரிப்பு.

கேற்றடியில் இரண்டு தாய்மார். கேட்கும்படியே கதை. “அந்த மிஸ்ஸுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருக்கு போல.” “புள்ளைங்களுக்கு ஒட்டுமா தெரியல்ல.”

மூன்றாம் பாடவேளையில் அதிபர் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கரைச்சல். “ரதி மிஸ், குறை நினைக்காதேங்கோ. பெற்றோர் கேக்கினம். சின்னப் பிள்ளையள், பயப்படுதுகள். நீங்கள் லைப்ரரியில கொஞ்ச நாள் இருங்கோவன். ஆறுதலா இருக்கும்.”

எனக்கு ஆறுதல் வேண்டாம் என்றேன். பயந்த பிள்ளை யார், பெயரைச் சொல்லுங்கோ என்றேன். கடைசியில் மாதக் கடைசி வரைக்கும் பார்ப்போம் என்றார். முகம் கொஞ்சமாவது திரும்பினால் வகுப்பு எனக்கு. இல்லாவிட்டால் நவம்பரிலிருந்து லைப்ரரி, தரம் நான்குக்கு வேறு ஆள். பிறகு வருடம் முடிந்துவிடும், இந்தப் பிள்ளைகள் ஐந்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த முப்பது பேரை விட்டால் நாளில் நான் யாரோடு கதைக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதிபரிடம் சொல்லும் விசயமா அது.

அக். 13, திங்கள்

பின்னேரம் இடி. இரண்டு மணித்தியாலம் கறண்ட் இல்லை.

செவ்வகத்துக்கு எத்தனை சமச்சீர் அச்சு? புத்தகத்தில் இரண்டு. கிஷோன் நாலு என்கிறான். மூலைக்கு மூலை கோடு போட்டுக் காட்டினான். “ரெண்டு பக்கமும் சமம்தானே மிஸ்.” கத்தரிக்கோல் எடுத்து வெட்டினான். ஒரு முக்கோணத்தைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தான். அப்படியே பொருந்தியது. அரைவாசி வகுப்பு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

வருடா வருடம் யாராவது ஒருவர் இதில் விழுவார். ஆனால் வெட்டிக் காட்டிச் சண்டை பிடித்தது இவன்தான். சமமாக இருந்தால் போதாது, மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று குந்த வேண்டும் என்றேன். கொப்பித் தாளை மூலைக்கு மூலை மடிக்கச் சொன்னேன். மடித்தார்கள். இரண்டு காதும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அப்படியும் கிஷோன் விடவில்லை. “எங்க அப்பா பாணை மூலைக்கு மூலைதான் வெட்டுவாரு. ரெண்டும் பொருந்தும் மிஸ்.”

அப்பாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் சாண்ட்விச் போடும் வேலை. அவரோடு யார் வாதாடுவது.

ஷஹானா கையைத் தூக்கினாள். கடைசி வரிசை, அதிகம் கதைக்காத பிள்ளை, ஆனால் எதையும் விடாத கண். “மிஸ், இருவத்தெட்டாம் பக்கம் வுட்டுட்டோம்.”

தெரியும். தெரிந்துதான் விட்டேன். வண்ணத்துப்பூச்சி 27, பட்டம் 29. நடுவில் 28: ஒரு முகத்தின் வலது பாதி வரைந்திருக்கிறது, மற்றப் பாதியைப் பூர்த்தி செய்க.

“அது பிறகு செய்வம்” என்றேன்.

அக். 15, புதன்

ஒரு துண்டுப் பாண் கொண்டுபோனேன். மூலைக்கு மூலை மடித்துக் காட்டினேன். பொருந்தியது. கிஷோன் எழும்பி நின்று எல்லோருக்கும் கையசைத்தான். பிறகு அடிமட்டத்தால் அளக்கச் சொன்னேன். அளந்து பார்த்துவிட்டு அவனே சொன்னான்: “இது சதுரம் மிஸ். அப்பாட பாண் சதுரம்.” கொஞ்ச நேரம் யோசித்து, “அப்ப செவ்வகத்துக்கு ரெண்டுதான்” என்று மெல்லமாக உட்கார்ந்தான். அந்த மெல்லத்துக்காகத்தான் இந்த உத்தியோகம். இன்று நல்ல நாள் என்று எழுதலாம்.

பாணைப் பிறகு யார் தின்றது என்று கேட்க வேண்டாம்.

நேற்று முதல் பிசியோதெரபி. அந்தப் பெண் பிள்ளை தமிழும் கதைக்கிறாள், கொஞ்சம். வீட்டில் கண்ணாடி முன்னால் நாளுக்கு மூன்று தரம் செய்ய வேண்டியது:
புருவம் தூக்க.
மூக்கைச் சுருக்க.
கன்னத்தை ஊத.
ஆ, ஈ, ஊ.
விசிலடிக்க.

விசில் வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. ஆ, ஈ, ஊ என்று குசினியில் நின்று கத்தினேன். இந்த வீட்டுக்குள் யாரும் இவ்வளவு சத்தம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல். அக்கா கனடாவுக்கு, மகளிடம் போனதிலிருந்து எனக்குக் குரல் தேவைப்பட்டதே இல்லை. கீழ் வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

இடது கன்னம் அசையவில்லை.

அக். 17, வெள்ளி

கண் எரிச்சல். பஸ்ஸில் தூசி. துளிமருந்து முடிகிறது.

அக்கா எடுத்தாள். “ஏன் வீடியோவைப் போடேல்லை?” கமரா பழுது என்றேன். “புது போன் ஒண்டு வாங்கன், ஆருக்குச் சேத்து வைக்கிறாய்” என்றாள். போன கிழமையும் இதே பொய். உண்மையைச் சொன்னால் அடுத்த வரி எனக்குப் பாடம்: நான் சொன்னனான்தானே, தனிய இருக்காதே எண்டு. அதைக் கேட்க இப்போது தெம்பில்லை. பேரன் பந்து விளையாடப் போகிறான், நிலக்கீழ் அறையில் பைப் ஒழுகுகிறது, குளிர் தொடங்கிவிட்டது. எல்லாம் கேட்டேன்.

மறைப்பது நான்தான். அவள் கேட்டுப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுவதும் நான்தான்.

பிள்ளைகளுக்கு வீட்டுவேலை: எழுத்துகளில் சமச்சீர் தேடி வர. ஆங்கிலத்தில் அள்ளிக்கொண்டு வருவார்கள். தமிழில் ப, ஃ. வேறு இருக்கிறதா என்று காலி வீதிக் கடைப் பலகை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய ஹோல்ட் தாண்டிவிட்டது.

அக். 20, திங்கள், தீபாவளி

மழை இல்லை, நல்ல வெயில். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினேன். நீலச் சேலை. கோயிலுக்குப் போகவில்லை, தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கேதான். இத்தனை நாள் தெரிந்த முகம் ஒன்றும் கண்ணில் படவில்லையே என்று அழுதுவிட்டு, இன்று அதற்குப் பயந்து வீட்டில். எனக்கே என்னை விளங்கவில்லை.

புஷ்பா மிஸ் மகனிடம் முறுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இடது பக்கம் கடிக்க முடியாது. வலது பக்கம் வைத்துக் கடித்தால் சத்தம் ஒரு காதுக்கு மட்டும் கேட்கிறது.

அக்காவுக்கு இன்று காட்டிவிடுவது என்று முடிவு. நல்ல நாளில் பொய் சொல்லக்கூடாது. பின்னேரம் அவளுக்கு விடிந்திருக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். விளக்கைப் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வீடியோப் பொத்தானை அமத்தினேன்.

அக்கா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்திருந்தாள், எனக்குத் தெரிந்தது அவளுடைய முழங்கையும் அடுப்பும்தான். “ஆ, கமரா சரி வந்திட்டோ” என்றாள். பருப்பு இங்கே நன்றாக ஊறுவதில்லை என்றாள். மருமகனுக்கு லீவு இல்லை என்றாள். இடையில் இரண்டு தரம் குனிந்து போனைப் பார்த்தாள். நான் கன்னத்தை ஜன்னலுக்கு நன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வைக்கும்போது, “சாரி வடிவா இருக்கு, புதுசோ? கொஞ்சம் மெலிஞ்சிட்டாய்” என்றாள்.

ஓம் என்றேன். அது ஐந்து வருடத்துச் சேலை, அவளே எடுத்துத் தந்தது.

பிறகு போன் வெளிச்சத்தோடு கண்ணாடியில் போய்ப் பார்த்தேன், ஒருவேளை சரியாகிவிட்டதோ என்று. இல்லை. இருந்தபடியே இருந்தது. அவள் மேல் கோபம் வரவில்லை, ஐந்து பேருக்குச் சமைக்கிற அவசரம். ஆனால் நோகுது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன், நோகுது.

அக். 22, புதன்

28ஆம் பக்கம்.

காலையில் பஸ்ஸில் தீர்மானித்தேன். எத்தனை நாள் பட்டமும் வண்ணத்துப்பூச்சியும். தாய்மாரின் பவுடர்ப் பெட்டிக் கண்ணாடிகள் வகுப்பில் ஆறேழு இருந்தன, போன கிழமை கொண்டுவரச் சொன்னது. நடுவில் நின்றேன். இது முகவாதம், ஒட்டாது, நோகாது, கேட்க இருப்பதை இன்றைக்கே கேளுங்கள் என்றேன்.

கேட்டார்கள். மிஸ் எப்படித் தூங்குறீங்க? பிளாஸ்டர் ஒட்டி. எப்படிச் சாப்பிடுறீங்க? வலது பக்கத்தால். அழுதா? இடது கண் சும்மாவே தண்ணீர் விடுகிறது, தனியாக அழத் தேவையில்லை என்றேன். வீட்ட யாரு பிளாஸ்டர் ஒட்டிவிடுறது? ஷஹானாதான் கேட்டது. நானே என்றேன். அவள் அதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

பிறகு கேள்வி என்னுடையது. “என்ர முகத்தில சமச்சீர் அச்சு இருக்கா?”

கிஷோன்: “இல்ல மிஸ். மடிச்சா பொருந்தாது.” சரியான விடை. நெஞ்சில் ஒரு குத்து, ஆனால் சரியான விடை. முன்னால் இருந்த ஒன்று, “முந்தி இருந்திச்சி மிஸ்” என்றது. ஷஹானா: “கோடு இருக்கு மிஸ். மத்தப் பாதி இன்னும் வரல்ல.”

கணிதத்தில் அது பிழை. பொருந்தினால்தான் கோடு, பொருந்துமட்டும் கோடு இல்லை. அதைச் சொன்னேன், சொல்லத்தான் வேண்டும். சொன்னபிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கண்ணாடிகளை மூக்கு நடுவில் நிறுத்தித் தங்கள் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். கிஷோனுக்கு ஒரு காது மேலே. இன்னொன்றுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி. பல் விழுந்தவர்கள் நாலு பேர். யாருக்கும் பொருந்தவில்லை என்று ஒரே ஆரவாரம், அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்காக என் முகம் பரவாயில்லை என்று ஆகிவிடாது. ஆனால் இரண்டு கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் கையால் வாயை மூடாமல் கதைத்தேன்.

அக். 25, சனி

ஃபார்மசி: துளிமருந்து, பிளாஸ்டர். கடை: முட்டை, பாண், தேயிலை, பல்ப். பல்ப் போட்டாயிற்று. போட்டிருக்க வேண்டாம், இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

நானா முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார் இப்போது. சாமான் பிறகு. “கொஞ்சம் சுகமா மிஸ்?” என்று கேட்டார். இல்லை நானா என்றேன். “வரும், வரும்” என்று மிச்சத்தை எண்ணினார்.

ஆ, ஈ, ஊ. விசில் இல்லை. பிசியோ பிள்ளை சொல்கிறாள், சிலருக்கு மூன்று கிழமையில் தொடங்கும், சிலருக்கு மாதங்கள் போகும். பிந்திக் குளிசை போட்டவர்களுக்கு என்று ஏதோ தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு ஞாயிறு.

அக். 28, செவ்வாய்

அதிபர் லைப்ரரித் திறப்பைத் தந்தார். இரண்டு சாவி, நீல ரிபன். “மூண்டாந் திகதியில இருந்து. வற்புறுத்தல் இல்லை மிஸ், ஆனா நான் பெற்றோருக்குச் சொல்லிப்போட்டன்.” அப்போது வற்புறுத்தல்தான். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. புது ஆள் வந்து பின்வரிசையில் இருந்து பாடம் பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. குறிப்பெல்லாம் எடுத்தார். முகம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரிச் சிரிக்கிறது. அதற்காக அவரை வெறுக்க முடியுமா. கொஞ்சம் வெறுத்தேன்.

புஷ்பா மிஸ்: “விடுங்கோ, லைப்ரரியில ஃபேன் இருக்கு.” அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. சொல்லாமல் பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அக். 30, வியாழன்

மழை. சேலைக் கரை முழுக்கச் சேறு. அலகுப் பரீட்சை திருத்தினேன். செவ்வகத்துக்கு நாலு என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. கிஷோன் விடைக்குப் பக்கத்தில் ஒரு பாண் படம் வரைந்திருக்கிறான். வீட்டில் அடுப்பு மூட்ட மனமில்லை, பாணும் சம்பலும்.

அக்காவிடம் சொல்லலாம் என்று எடுத்தேன். மணி அடித்து நின்றது.

அக். 31, வெள்ளி

கடைசிப் பாடவேளைக்கு வைத்துக்கொண்டேன். முதல் பாடத்தில் சொன்னால் நாள் முழுக்க வீண்.

கொப்பிகளை மூடச் சொன்னேன். திங்களிலிருந்து புது மிஸ் வருவார், கெட்டிக்காரி, நீங்கள் எனக்குக் காட்டிய குழப்படியில் பாதியை அவருக்குக் காட்டினால் போதும் என்றேன். நான் இதே பள்ளிக்கூடத்தில்தான், லைப்ரரியில் இருப்பேன் என்றேன். ஏன் மிஸ் என்றது ஒன்று. முகம் சரியாகுமட்டும் என்றேன். நாங்க பயப்படல்லயே மிஸ் என்றது இன்னொன்று. கிஷோன் மேசைக்குள் தலையை விட்டு எதையோ தேடினான், வெளியே எடுக்கவே இல்லை. நான் வீட்டுவேலையை வேகமாகச் சொல்லத் தொடங்கினேன்.

ஷஹானா எழும்பி நின்றாள். நான் சொன்னது எதையும் அவள் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“மிஸ், அசஞ்சிச்சி.”

“என்னது?”

“இந்தப் பக்கம்.” தன் கன்னத்தில் வாய்க்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். முதலில் வலது, பிறகு யோசித்து இடதுக்கு மாற்றினாள். “இப்ப, நீங்க கதைக்கக்குள்ள. சின்னதா.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும் என்றேன். “இல்ல மிஸ். நான் பாத்தன்.” முன்வரிசையில் இருந்த ஒன்று தானும் கண்டதாகச் சொன்னது, அது பொய்யாகவும் இருக்கலாம். கிஷோன் தலையை வெளியே எடுத்துவிட்டான். கண் சிவந்திருந்தது.

“திரும்பச் செஞ்சி காட்டுங்க மிஸ்.”

வாயை இழுத்தேன். வலது பக்கம்தான் போனது, எனக்கே தெரிந்தது. இல்லை என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். மூக்கைச் சுருக்கினேன். இல்லை. சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஈ என்று வீட்டில் செய்வது போலச் செய்தேன். முப்பது பேரும் என் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தது. வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்தார், திரும்பவும் அடித்தார். ஒருவரும் எழும்பவில்லை.